இருபத்திரண்டு அடி சைக்கிள் பாதை

வெள்ளாற்றூர் மாநகராட்சியில் தாண்டவராயன் என்று ஒரு மேஸ்திரி இருந்தார். இருபத்தேழு வருஷமாகப் பாதாளச் சாக்கடைப் பிரிவில்தான் வேலை. தரைக்கு மேலே நடக்கும் எந்தக் காரியத்துக்கும் அவரை யாரும் கூப்பிட்டது கிடையாது. அவருக்குக் கீழே மூன்று பேர்: உத்தண்டி, செங்கமலம், அருளப்பன். நாலு பேரும் நல்ல மனிதர்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். வெள்ளாற்றூருக்கு வந்த சங்கடமெல்லாம் அதனால் வந்ததுதான்.

போன வருஷம் பெண்கள் மேல்நிலைப் பள்ளி முக்கில், சைக்கிளில் வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை மினி பஸ் இடித்துக் கால் முறிந்துவிட்டது. பக்கத்துக் குழியிலிருந்து மேலே ஏறி வந்து அவளை ஆட்டோவில் தூக்கி வைத்தவர் தாண்டவராயன்தான். அந்த வலியிலும் அவள், "தாத்தா, சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். அதற்கப்புறம் பல நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைத் தாத்தா என்று கூப்பிட்டதும் ஒரு காரணம்.

ஆகவே, உதவிப் பொறியாளர் மெஹருன்னிசா அவரைக் கூப்பிட்டு, "ஊர் முழுக்க நடக்கறவங்களுக்கும் சைக்கிள்ல போறவங்களுக்கும் பாதுகாப்பான பாதை போடப் போறோம் மேஸ்திரி, நீங்கதான் கூட நிக்கணும்" என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த அம்மாளுக்கு அன்றைக்கென்று பார்த்துச் சென்னையில் பத்து நாள் பயிற்சி வகுப்பு வந்து சேர்ந்தது. கிளம்பும்போது சொன்னார்:

"நடைபாதை எங்க வேணும்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. ஜனங்க எங்க நடக்கறாங்களோ அங்கதான் போடணும். அவங்க பின்னாலேயே போய், நடக்கிற வழியைச் சுண்ணாம்புல கோடு போட்டு வைங்க. வந்து பாக்கறேன்."

மறுநாள் காலை நாலு பேரும் சுண்ணாம்பு வாளியோடு கடைவீதியில் நின்றார்கள். ஜனங்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்.

"யார் பின்னால போறது?" என்றான் உத்தண்டி.

"எல்லார் பின்னாலயும் போகணும்னா நாம நாலு பேர் பத்தாது" என்றாள் செங்கமலம். "யார் ரொம்ப அதிகமா நடக்கிறாங்களோ அவங்க பின்னால போனா, மத்தவங்க நடக்கிறதும் அதுல அடங்கிடும்."

இது தாண்டவராயனுக்குச் சரியாகப் பட்டது. விசாரித்ததில், ஊரிலேயே அதிகமாக நடப்பவர் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் கோதண்டபாணி என்று தெரிந்தது. சர்க்கரை வியாதிக்காக டாக்டர் அவரைத் தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லியிருந்தார். ரோட்டில் இறங்கினால் வண்டிக்காரன் அடித்துப் போட்டுவிடுவான் என்று பயந்து, அவர் தன் வீட்டைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தார்.

நாலு பேரும் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய் அவருக்குப் பின்னால் நடந்தார்கள். உத்தண்டி கோடு போட்டான். ஏழாவது சுற்றில் கோதண்டபாணி திரும்பிப் பார்த்து, "யாருப்பா நீங்க?" என்றார்.

"கார்ப்பரேஷன் சார். நீங்க பாட்டுக்கு நடங்க" என்றார் தாண்டவராயன்.

கம்பவுண்டர் நாற்பத்தொரு சுற்று நடந்தார். நாற்பத்தொரு கோடு விழுந்தது. கடைசியில் அவர் குளிக்கப் போனார். குளியலறை வாசல் வரைக்கும் ஒரு கோடு போனது. சாயங்காலம் தாண்டவராயன் சென்னைக்குப் போன் போட்டார்.

"மேடம், வழியைக் கண்டுபிடிச்சாச்சு. வட்டமா வருது. நடுவுல ஒரு வீடு இருக்கு."

மெஹருன்னிசா முழு விவரத்தையும் கேட்டார்.

"மேஸ்திரி, நடைபாதையை நான் வந்து பாத்துக்கறேன். நீங்க ஸ்கூல் ரோட்டுல சைக்கிள் பாதையை மட்டும் முடிங்க. ஸ்கூல் கேட்டுல ஆரம்பிச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாலடி அகலத்துக்குப் பச்சைப் பெயிண்ட். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. வழியில என்ன இருந்தாலும் சரி, பாதை எங்கயும் அறுபடக் கூடாது. அறுந்துச்சுன்னா அந்த எடத்துலதான் பிள்ளைங்க அடிபடுது."

அடிபடுது என்ற சொல் தாண்டவராயன் மனசில் போய் உட்கார்ந்துவிட்டது. விடிந்ததும் வேலையை ஆரம்பித்தார். பள்ளிக்கூட வாசலிலிருந்து பச்சை அழகாக ஓடி வந்தது. பழக்கடை தாண்டியது, டிரான்ஸ்பார்மரை ஒட்டி வளைந்தது. முக்கு திரும்பியதும் ஒரு காலி லாரி நின்றது. டிரைவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் ஆகிறது என்று பழக்கடைக்காரர் சொன்னார்.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நாலு பேரும் லாரியைப் பார்த்தார்கள்.

"சுத்திப் போகலாமா?" என்றான் அருளப்பன்.

"சுத்தினா நடு ரோட்டுக்கு வருவோம். அங்கதான் பஸ் இடிக்கும்" என்றார் தாண்டவராயன்.

"லாரியை விட்டுட்டு அந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றான் உத்தண்டி.

"அறுந்துபோகுமே" என்றாள் செங்கமலம்.

ரொம்ப நேரம் யோசித்தார்கள். வழியில் என்ன இருந்தாலும் சரி என்று மேடம் சொன்னதில் லாரியும் அடங்குமா என்பதுதான் கேள்வி. அடங்காது என்று சொல்ல ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. எனவே லாரியின் பின்கதவைத் திறந்து தரையிலிருந்து ஒரு பலகை சாய்த்தார்கள். பலகைக்குப் பச்சை அடித்தார்கள். மேலே ஏறி, லாரியின் தளத்துக்கு இருபத்திரண்டு அடி நீளத்துக்குப் பச்சை அடித்தார்கள். முன்பக்கம் ஓரமாக இன்னொரு பலகை வைத்து இறங்கி, அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சேர்ந்தார்கள். எங்கேயும் அறுபடவில்லை. 'பெயிண்ட் ஈரம், ஒட்டிக்கொள்ளும்' என்று பாதை நெடுகப் போர்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் சோதனை ஓட்டம். நாலு பேரில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் அருளப்பன் மட்டும்தான்.

"பாரு அருளப்பா" என்றார் தாண்டவராயன். "ஸ்கூல் போற பிள்ளை மாதிரி ஓட்டணும். நூறடிக்கு ஒரு தடவை நின்னு, பாதுகாப்பா இருக்கா இல்லையான்னு நோட்டுல எழுதணும். நான் சொல்ற வரைக்கும் பச்சையை விட்டு ஒரு அங்குலம் வெளிய வரக் கூடாது."

அருளப்பன் சரியாக ஓட்டினான். நின்றான், எழுதினான். பலகையில் மூச்சு வாங்க மிதித்து லாரி மேல் ஏறினான். அங்கே நூறடி முடிந்தது. ஒரு காலை ஊன்றி நின்று நோட்டை எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கல்யாண விருந்து முடிந்து, அரைக்கண் சொருக வந்த டிரைவர் முன்கதவைத் திறந்து ஏறி, வண்டியைக் கிளப்பினார். பலகை இரண்டும் தடதடவென்று விழுந்தன. லாரி கிருஷ்ணகிரி ரோட்டில் போனது. அருளப்பன் எழுதிக்கொண்டே போனான்.

தாண்டவராயனும் மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள். சாக்கடை வேலைக்காரர்களுக்கு ஓடிப் பழக்கம் இல்லை. அரை மணி நேரம் கழித்து அருளப்பனே போன் பண்ணினான்.

"அண்ணே, பாதை அருமையா இருக்கு. மிதிக்கவே வேண்டாம், அதுவா போவுது. எதுக்கால ஒரு வண்டி வரல. குழி கிழி எதுவும் இல்ல. ரொம்பப் பாதுகாப்புன்னு எழுதியிருக்கேன்."

"டேய், எறங்குடா."

"பச்சையை விட்டு எறங்கக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

தாண்டவராயன் யோசித்தார். சொன்னது உண்மைதான். பாதையோடு ஒரு ஆளாவது இருப்பது நல்லது என்றும் தோன்றியது. "சரி, அங்கயே இரு" என்றார்.

மறுநாள் காலை மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஏட்டு பேனாவைத் திறந்தார்.

"என்ன காணாமப் போச்சு?"

"இருபத்திரண்டு அடி சைக்கிள் பாதை சார்."

"அடையாளம்?"

"பச்சை. நாலடி அகலம்."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து மத்தியானம் ஒண்ணரைக்கு. கிருஷ்ணகிரி ரோட்டுல போயிட்டிருந்துச்சு."

"கூட யாராச்சும் போனாங்களா?"

"எங்க அருளப்பன் போனான்."

ஏட்டு பேனாவை மூடினார். "அப்ப ரெண்டும் விருப்பப்பட்டுத்தான் போயிருக்கு. வயசு என்ன?"

"அருளப்பனுக்கு நாப்பத்தொண்ணு. பாதைக்கு ரெண்டு நாள்."

ஏட்டு பேனாவை மறுபடி திறந்து, 'ஒரு மைனர்' என்று எழுதினார். "தேடறோம், போங்க" என்றார்.

தாண்டவராயனுக்கு மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அறுந்த இடத்தில்தான் அடிபடும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். அவருக்கே போன் போட்டார். அவர் வகுப்பில் இருந்தார் போலிருக்கிறது, மெதுவான குரலில் பேசினார்.

"பாதை முடிஞ்சுதா மேஸ்திரி?"

"முடிஞ்சுது மேடம். ஒரு இருபத்திரண்டு அடி மட்டும் விட்டுப்போச்சு."

"அவ்வளவுதானே? விட்டுப்போனதைச் சேர்த்துடுங்க. பெயிண்ட் எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, குடோன்ல இருக்கறதை எடுத்துக்கங்க. திங்கக்கிழமை வந்துடறேன்."

மூவரும் லாரி நின்ற வெறும் இடத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இந்த எடத்துல அடிச்சுட்டா முடிஞ்சுதுண்ணே" என்றான் உத்தண்டி.

"அது புதுப் பாதை இல்ல?" என்றாள் செங்கமலம். "புதுசா ஒண்ணு போட்டா, விட்டுப்போனது விட்டுப்போனதாவேதானே இருக்கும்? மேடம் அதைச் சேர்க்கச் சொல்லியிருக்காங்க."

"லாரி ஓடுதே. எப்படிச் சேர்க்கறது?"

தாண்டவராயன் எழுந்து கிருஷ்ணகிரி ரோட்டைப் பார்த்தார். "அது நம்மகிட்ட வராது. நாமதான் அதுகிட்டப் போகணும்" என்றார்.

குடோனில் அறுபது டின் பச்சைப் பெயிண்ட் இருந்தது. வெள்ளாற்றூர் முழுவதற்கும் போடவேண்டிய பாதை அத்தனையும் அந்த டின்களுக்குள் இருந்தது. ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, லாரி நின்ற இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஊர் எல்லை வரை நாலடி அகலம் அடித்தார்கள். அதற்குமேல் அவசரத்துக்கு ஒரு முழம் போதும் என்று உத்தண்டி சொன்னான். செங்கல் சூளை தாண்டியதும் ஒரு சாண் ஆயிற்று.

அருளப்பன் வேளாவேளைக்குப் போன் பண்ணினான். லாரி ஓசூரில் லோடு ஏற்றியது. மூட்டைகளை நடுவில் அடுக்கியதில் அவனுக்கு ஓரமாக இரண்டடி பச்சை மிஞ்சியது, அதில் நின்றுகொண்டான். டிரைவர் நல்ல மனிதர், இட்லியை மேலேயே கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த நாள் லாரி ஆந்திராவுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு போனுக்குப் பிறகும் தாண்டவராயன் மற்ற இருவரிடமும், "பிரஷ்ஷைப் பெருசா எடுங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை மெஹருன்னிசா பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூட முக்குக்குப் போனார். அங்கே பார்த்த காட்சியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டார். பச்சையில் வரிசையாகப் பெண் பிள்ளைகள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். போன வருஷம் கால் முறிந்த பெண்ணும் வந்தாள். ஒரு கார்கூட, ஒரு மினி பஸ்கூடப் பச்சையில் டயர் வைக்கவில்லை. பெயிண்ட் ஈரம் என்ற போர்டை எடுக்கும்படி யாரும் சொல்லாததால் அது அங்கேயே இருந்தது. வண்டிக்காரர்கள் டயரில் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஒதுங்கிப் போனார்கள். இருபத்திரண்டு அடி வெறும் இடம் வந்தபோது மட்டும் பிள்ளைகள் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஏறினார்கள்.

அந்த வெறும் இடத்திலிருந்து இன்னொரு பச்சை பிரிந்து ஊருக்கு வெளியே போவதை அப்போதுதான் பார்த்தார்.

ஸ்கூட்டரைத் திருப்பி அதன் பின்னாலேயே போனார். ஊர் எல்லை போயிற்று. செங்கல் சூளை போயிற்று. பாதை முழமாகி, சாணாகி, கடைசியில் நாலு விரல் அகலத்துக்கு இளைத்துப் போயிருந்தது. பதினாலாவது கிலோமீட்டரில், ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் மூன்று பேர் குனிந்திருந்தார்கள். தலையெல்லாம் பச்சை. ஐம்பத்தொன்பது டின் காலி.

"மேஸ்திரி, இது என்ன?"

தாண்டவராயன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "விட்டுப்போனதைச் சேர்க்கிறோம் மேடம்" என்று ஆரம்பித்து, லாரி, பலகை, அருளப்பன், ஏட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மெஹருன்னிசா பக்கத்து மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் அந்த மனிதரின் இரண்டு முழங்காலும் தோல் உரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

அப்போது தாண்டவராயனின் போன் அடித்தது. அருளப்பன்.

"அண்ணே, நல்ல சேதி. லாரி சித்தூர் சுத்தி வேலூர் வழியா திரும்பி வந்திருச்சு. இப்ப ஸ்கூல் முக்குலதான் நிக்கறோம். டிரைவர்கிட்டச் சொல்லி அதே எடத்துல கரெக்டா நிறுத்தியாச்சு. பலகையும் வெச்சாச்சு. பாதை சேர்ந்துடுச்சு."

மெஹருன்னிசா கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். உத்தண்டி செங்கமலத்தைப் பார்த்துச் சிரித்தான். செங்கமலம் சிரிக்கவில்லை. அவள் புளியமரத்தடியில், நாலு விரல் அகலத்தில் சட்டென்று நின்றுபோயிருந்த பச்சையின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாண்டவராயனும் பார்த்தார். அவர் முகம் இருண்டது. போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய்ச் சொன்னார்:

"அருளப்பா, இங்க அறுந்து நிக்குதுடா. லாரியைக் கிளப்பி உடனே இங்க வரச் சொல்லு."