சபிஹாவின் இடது கால்

இந்தக் கதையில் மூன்று பேருக்கு ஒரே உண்மை தெரிந்திருந்தது. மூவரும் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரி. அதன் கூடைப்பந்து அணி போன ஆண்டு மண்டலப் போட்டியின் அரையிறுதிவரை வந்தது. ஆனால் புதிய பருவம் தொடங்குவதற்குள் அணி பாதியாகிவிட்டது. உயரமான ஆட்டக்காரிகள் இருவர் படிப்பை முடித்துப் போனார்கள். பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் அபூர்வாவைச் சென்னைக் கல்லூரி ஒன்று அழைத்துக்கொண்டது. போதாததற்கு, முதல்வர் பயிற்சியாளர் மரகதவல்லியைக் கூப்பிட்டு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: இந்த ஆண்டு இறுதிப் போட்டிக்கு வராவிட்டால், அடுத்த ஆண்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் கூடைப்பந்துக்கு இடம் கிடையாது.

அணிக்குப் பன்னிரண்டு பேர். முதல் நாளிலிருந்து பயிற்சிக்கு வந்த பதினொரு பேரை மாற்ற மரகதவல்லிக்கு மனமில்லை. மீதி இருந்தது அபூர்வாவின் இடம். அதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி போடியிலிருந்து வந்து முதலாண்டில் சேர்ந்திருந்த இளவேனில். மின்னலாய் ஓடுவாள், இரண்டு பேர் சேர்ந்து மறித்தால் பதறிப்போய்ப் பந்தை விட்டுவிடுவாள். இன்னொருத்தி மூன்றாமாண்டு சபிஹா. அபூர்வாவைவிடக் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். போன பருவத்தின் நடுவில் இடது முழங்காலில் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். “டாக்டர் ஆடலாம்னு சொல்லிட்டாரு மேடம்” என்று வந்து நின்றாள்.

போட்டிக்குப் பெயர்களை அனுப்புவதற்கு முந்தின நாள், அணிக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஒரு ஆட்டம் ஆடினார்கள். சபிஹா ஆடியதைப் பார்த்து, பார்க்க வந்த மாணவிகள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். இளவேனிலைத் திணறடித்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, தண்ணீர் பாட்டிலை எடுக்க உடை மாற்றும் அறைக்குத் திரும்பினாள் அணித்தலைவியும் சபிஹாவின் தோழியுமான ஜெசிந்தா. சபிஹா பெஞ்சில் உட்கார்ந்து, துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

“என்னடி இது?”

“கதவைச் சாத்து.”

“டாக்டர் நெசமாவே ஆடச் சொன்னாரா?”

சபிஹா இல்லையென்று தலையாட்டினாள். ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் இல்லேன்னா இந்த டீம் முதல் ரவுண்டுலயே வெளிய வந்துரும். எனக்கு இதுதான் கடைசி வருஷம். உடைஞ்சா என் காலுதானே உடையும்? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

ஜெசிந்தா தயங்கினாள். பிடி இறுகியது. “சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

அன்றிரவு ஜெசிந்தா அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் தோழியும் போவாள், அணியும் போகும். சொல்லாவிட்டால் அந்தக் கால் என்னவாகும்? மறுநாள் காலையில் சபிஹாவை வகுப்பு வாசலிலேயே மறித்தாள்.

“நீயே மேடம்கிட்ட சொல்லிரு. நீ சொல்லலேன்னா நான் சொல்லப் போறேன். உனக்குத் தெரியாமச் சொல்ல மாட்டேன். கூட வா.”

“நேத்துதானே வாக்குக் குடுத்தே?”

“குடுத்தேன். இப்ப மீறத்தான் போறேன்.”

இருவரும் மரகதவல்லியின் அறைக்குப் போனார்கள். பெயர்களை அனுப்பக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார் அவர். சபிஹா வாயைத் திறக்கவில்லை. ஜெசிந்தாதான் சொன்னாள்.

“எனக்குத் தெரியும்” என்றார் மரகதவல்லி. “நேத்து குதிச்சு எறங்கறப்பல்லாம் அவ இடது காலை ஊனவே இல்ல.”

ஜெசிந்தா திகைத்துப்போனாள். “பாத்துட்டு ஏன் மேடம் கேக்கல?”

“கேட்டா உண்மையைச் சொல்லிருவாளோன்னு பயந்துட்டேன்.”

சபிஹாவின் பெயரை அழித்துவிட்டு இளவேனிலின் பெயரை அடித்தார்.

அணி அரையிறுதிவரை போராடி வந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது, இரண்டு பேர் மறித்ததும் இளவேனில் பந்தை விட்டாள். எதிரணி அதை எடுத்துக் கூடையில் போட்டது. முதல்வர் சொன்னபடியே செய்தார். அடுத்த ஆண்டு கூடைப்பந்துக்கு ஒருவரையும் சேர்க்கவில்லை. அரையிறுதி முடிந்து ஊர் திரும்பும் பேருந்தில் ஜெசிந்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, ஆட்டம் பார்க்க வந்திருந்த சபிஹா எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டாள்.

அணிக்காக வலியை மறைத்தாள் சபிஹா. அதே அணிக்காகப் பார்த்தும் பாராமல் இருந்தார் மரகதவல்லி. கொடுத்த வாக்கை மீறி, தோழியையும் இழந்து, உண்மையைச் சொன்னாள் ஜெசிந்தா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெசிந்தா செய்ததே சரி. கால் சபிஹாவுடையதுதான், ஆனால் அந்தக் காலை நம்பி ஆடப்போகிறவர்களிடம் அதை மறைத்துத்தான் அவள் இடத்தைக் கேட்டாள். வலியைச் சொல்லிவிட்டு அதன் பிறகு கேட்டிருந்தால் அவள் பக்கம் நியாயம் இருந்திருக்கும். ஜெசிந்தா கொடுத்திருக்கக் கூடாத வாக்கைக் கொடுத்தாள்; ஆனால் அதை முதுகுக்குப் பின்னால் மீறவில்லை, தோழியை அருகில் நிறுத்திக்கொண்டே மீறினாள். அணி தோற்றதால் அது தவறாகிவிடாது. மரகதவல்லி பொய் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் பெயரையும் மாற்றினார். இருந்தாலும் மூவரில் பெரிய பிழை அவருடையது. கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் அந்தப் பயிற்சி ஆட்டத்தன்றே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்தப் பேருந்தில் தோழிகள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்திருப்பார்கள்.