ஒற்றை ஊற்றும் ஓயாத அழைப்பும்

வறண்ட ஆற்றின் நடுவே ஒரே ஓர் ஊற்றுக்குழி இருந்தது. காட்டின் மற்ற நீரெல்லாம் வற்றிப்போன கோடை அது. அந்தக் குழியில் ஒரு நேரத்துக்கு ஒருவருடைய தாகம் தீர மட்டுமே தண்ணீர் நிற்கும். மறுபடி சுரக்கச் சற்று நேரம் ஆகும்.

ஊற்றுக்குக் காவல் செங்கண்ணி என்ற ஆட்காட்டிக் குருவி. கரையில் நின்ற பட்டமரத்தின் நிழல் மணலில் நகரும் வழியெல்லாம் அது கூழாங்கற்களைப் பதித்திருந்தது. ஒவ்வொரு கல்லும் ஒருவருடைய முறை. நிழல் கல்லைத் தொட்டதும் செங்கண்ணி கூவும்.

"முயலே, வா! உன் முறை!"

முயல் வரும், குடிக்கும், போகும். சண்டை கிடையாது.

தண்ணீர் கிடைக்காமல் போனால் என்ன செய்வது? அதற்கும் செங்கண்ணி ஒரு விதி வைத்திருந்தது. "கவலை வேண்டாம்! கிடைக்கும்வரை உடனுக்குடன் கூப்பிடுவேன். நீங்களும் உடனுக்குடன் வாருங்கள்!"

எல்லா விலங்குகளும் தலையாட்டின. நல்ல நாட்களில் எந்த விதியும் நல்ல விதியாகத்தான் தோன்றும்.

செங்கண்ணிக்கு ஒரு குணம் உண்டு. தன் காவலில் ஒரு முறை தவறியது என்று வெளியே தெரிந்தால் அதற்குத் தாங்காது.

ஒரு நாள் விடியுமுன் அனல்காற்று அடித்தது. குழிக்குள் மணல் விழுந்தது. முதல் முறை காட்டுப்பன்றி கரும்பிடரிக்கு. அது மூக்கை விட்டுத் துழாவியது. வந்தது சேறு.

"தண்ணீர் இல்லை!" என்றது பன்றி.

"மறுபடி வா!" என்றது செங்கண்ணி.

பன்றி மறுபடி துழாவியது. மறுபடியும் சேறு. அதற்குள் நிழல் முயலின் கல்லைத் தொட்டது. முயல் முன்னங்கால்களால் பறண்டியது. சேறு. மயில் வந்து கொத்திப் பார்த்தது. சேறு.

"பன்றியே, வா! முயலே, வா! மயிலே, வா! பன்றியே, வா!"

செங்கண்ணியின் குரல் ஓயவில்லை. ஒன்று போனதும் ஒன்று வந்தது. ஒன்று கலக்கியதை மற்றொன்று மேலும் கலக்கியது.

நான்காவது கல் மருதி என்ற புள்ளிமானுடையது. காரைப் புதருக்குள் அதன் குட்டி படுத்திருந்தது. பிறந்து ஐந்து நாள். முந்தைய நாள் தன் முறைக்குப் பிறகு மருதி ஒரு சொட்டும் குடிக்கவில்லை. விடியும்போதே மடி வற்றிவிட்டது. அது குழிக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே கரைத்த களிமண்போல் எதுவோ சுழன்றது.

"சேறுதான். பரவாயில்லை, மறுபடி வா!" என்றது செங்கண்ணி.

மருதி நகரவில்லை. "கூப்பிடுவதைச் சற்று நிறுத்து அக்கா. யாரும் இதைத் தொடாமல் இருக்கட்டும். கலங்கினால் தெளிய வேண்டாமா?"

கரும்பிடரி உறுமிச் சிரித்தது. "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், தெரியுமா உனக்கு?"

"அம்மியை நீ எங்கே பார்த்தாய் அண்ணா?" என்றது முயல்.

"வள்ளிக்கிழங்கு தோண்டப் போனேன். அங்கே மனிதர்கள் பேசிக்கொண்டார்கள்."

"உன்னை அடித்து விரட்டும்போதா?"

மயிலுக்குச் சிரிப்பு வந்தது. மருதிக்கு வரவில்லை. "அம்மி நகரட்டும் அண்ணா. ஊற்றை அடித்தால் ஊறுமா? எல்லாரையும்விட எனக்குத்தான் அவசரம். நானே காத்திருக்கிறேன்."

நிழல் ஒரு சாண் நகரும்வரை பொறுப்பது என்று முடிவாயிற்று. எல்லாம் குழியைச் சுற்றி உட்கார்ந்தன. எல்லாக் கண்களும் நிழலின் நுனியிலேயே இருந்தன. குழியில் சேறு மெல்ல அடங்கியது. மேலே மெல்லிய கண்ணாடிபோல நீர் தெரிந்தது.

நிழல் ஒரு சாண் நகர்ந்தது.

"வாருங்கள்!" என்று செங்கண்ணி கத்தியது. அத்தனையும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தன! முயல் மயிலின் காலில் சிக்கியது. மயிலின் இறக்கை மருதியின் கண்ணில் அடித்தது. கரும்பிடரியின் தோள் குழியின் விளிம்பில் மோதியது.

விளிம்பு இடிந்தது. குழி பாதி மூடிக்கொண்டது.

புதருக்குள்ளிருந்து குட்டியின் குரல் கேட்டது. ஒரே ஒரு முறை. மிக மெல்ல.

மருதி புதரைத் திரும்பிப் பார்த்தது. ஆனாலும் நிதானமாகச் சொன்னது: "சேர்ந்து காத்திருந்தோம், சேர்ந்து வந்தோம். அதுதான் தப்பு. இனி ஒருவர் மட்டும் போய்ப் பார்க்கட்டும். எடை குறைந்தவர் போகட்டும். இரண்டு சாண் பொறுப்போம். அப்போதும் இல்லையென்றால் நான்கு சாண்."

"அப்போதும் இல்லையென்றால் எட்டு!" என்றது செங்கண்ணி.

"எட்டுச் சாண் என்றால் மாலை அக்கா. என் குட்டிக்கு அந்த மாலை இருக்காது." மருதி மூச்சு வாங்கியது. "நான்கோடு நிறுத்திவிடுவோம். பிறகு யாரிடமாவது போய்ச் சொல்வோம்."

"யாரிடம்? என்னவென்று? செங்கண்ணியின் ஊற்று செத்துவிட்டது என்றா?"

மருதி மறுபடி நிழலுக்கு முன்னால் உட்கார்ந்தது.

இரண்டு சாண் நகர்ந்தது. முயல் மட்டும் பூப்போலக் கால் வைத்துப் போய்ப் பார்த்தது. "ஈரம்கூட இல்லை!"

வெயில் ஏறியது. மணல் சுட்டது. நான்கு சாண் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் அவற்றுக்குத் தெரிந்தது. செங்கண்ணியின் அலகு பலமுறை திறந்து மூடியது. கூப்பிடவில்லை. கரும்பிடரி தன் குளம்பை மணலில் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தது. எழவில்லை. மருதியின் காதுகள் புதரின் பக்கமே திரும்பியிருந்தன. அங்கிருந்து ஒலி எதுவும் வரவில்லை.

நான்கு சாணும் முடிந்தது. முயல் போய்ப் பார்த்தது. திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டது.

"இன்னும் ஒரே தடவை!" என்று கரும்பிடரி எழுந்தது. "நான் தோண்டிப் பார்க்கிறேன்!"

"ஆமாம், ஒரே தடவை! நான் கூப்பிடுகிறேன்!" என்றது செங்கண்ணி.

"வேண்டாம்," என்றது மருதி. "இந்த ஒரே தடவையைத்தான் காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம்."

செங்கண்ணி சினத்தோடு மேலே பறந்தது. அங்கிருந்து பார்த்தால் புதரின் உட்புறம் தெரியும். குட்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் இமைமேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. இமை அசையவில்லை.

செங்கண்ணிக்குச் சினம் போய்விட்டது. அது நேரே அக்கரைக்குப் பறந்தது. அங்கே மண்மேட்டு வளையில் கிழ முள்ளம்பன்றி பகலெல்லாம் தூங்கும். அந்த ஊற்றை முதலில் தோண்டியதே அதுதான்.

"ஐயா! ஐயா!"

"யார் அது, தூங்குகிற நேரத்தில்?"

"செங்கண்ணி. ஊற்று..." குருவி அலகை மூடித் திறந்தது. "ஊற்று தவறிவிட்டது ஐயா. பொறுத்துப் பார்த்தும் வரவில்லை. என்னால் முடியவில்லை."

வளைக்குள் முட்கள் சலசலத்தன. "எப்போதிலிருந்து?"

"விடிந்ததிலிருந்து."

"விடிந்தபோதே ஏன் வரவில்லை?"

முள்ளம்பன்றி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கியது.

குழியருகே வந்து மோந்து பார்த்தது. "இது கலங்கல் இல்லை. விளிம்பு இடிந்தபோது கல் ஒன்று சரிந்திருக்கிறது. ஊற்றுக்கண்ணை அது மூடிவிட்டது. கலங்கல் பொறுத்தால் தெளியும். கல் பொறுத்தால் போகுமா?"

அது பக்கவாட்டிலிருந்து தோண்டியது. மண் பறந்தது. கல்லின் முனை தெரிந்தது. ஆனால் அதை அசைக்க அதற்கு வலு போதவில்லை. "பன்றித்தம்பி, இப்போது வா. இந்த ஒரு கல்லுக்குத்தான் உன் பலம் வேண்டும்."

கரும்பிடரி கோரைப்பல்லைக் கொடுத்து நெம்பியது. கல் புரண்டது. அடியிலிருந்து நீர் குபுக்கென்று எழுந்தது!

எல்லாக் கழுத்துகளும் நீண்டன. கரும்பிடரி திரும்பி, தன் பருத்த உடலைக் குழிக்கு வேலியாக நிறுத்தியது. அதன் நாக்கும் வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. "மருதி முதலில்! மற்றவர்கள் ஒவ்வொருவராக!"

"இன்னும் சற்றுப் பொறு அம்மா, தெளியட்டும்," என்றது முள்ளம்பன்றி.

மருதி பொறுத்தது. தண்ணீர் காலடியில் இருந்தும் பொறுத்தது. தெளிந்ததும் குடித்தது. பிறகு புதருக்கு ஓடியது.

பால் உடனே சுரக்கவில்லை. மருதி குட்டியை நக்கிக்கொண்டே நின்றது. முகத்தை, கழுத்தை, வயிற்றை நக்கியது. நிழல் இன்னொரு சாண் நகர்ந்தது. குட்டியின் முன்கால் ஒன்று மடங்கியது. எழப் பார்த்தது, விழுந்தது. சற்றுக் கிடந்தது. மறுபடி எழுந்தது. நான்கு கால்களும் நான்கு பக்கம் போக, தள்ளாடித் தள்ளாடி மடியைத் தேடிப் பிடித்தது.

செங்கண்ணி பட்டமரத்தின் உச்சிக்குப் பறந்தது. காடு முழுவதும் கேட்கும்படிக் கூவியது: "இன்று என் காவலில் நான்கு முறைகள் தவறின! சொல்லத் தாமதித்தது நான்!"

தவறிய வேலையை ஓயாமல் மோதிப் பார்ப்பது விடாமுயற்சி ஆகாது. இடைவெளியைக் கூட்டிக் கூட்டி, எண்ணி முயல வேண்டும், எண்ணிய முறைகள் தீர்ந்தால் வெட்கப்படாமல் வாய்திறந்து சொல்ல வேண்டும்.