கைக்கு வராத சொல்

முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். நடுவில் யார்மீதும் கோபப்பட்டுவிடாதீர்கள்.

தூத்துக்குடியில் கடலோரத் தெரு ஒன்றில் அக்காவும் தங்கையும் வாழ்ந்தார்கள். தாய் தகப்பன் இல்லை. மூத்தவள் மெற்றில்டா. இளையவள் சிசிலிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கம்ப்யூட்டரில் பூ வரைந்து துணியில் தைத்துத் தரும் கடையில் அவளுக்கு வேலை. சிசிலி கையால் பேசுவதை மெற்றில்டா குரலாக்குவாள்; ஊரார் குரலால் பேசுவதைக் கையாக்குவாள். சிறு வயதிலேயே தங்கை ஒரு வாக்கு வாங்கியிருந்தாள்: “உன் காதுக்கு வருவதெல்லாம் என் கண்ணுக்கு வரவேண்டும். நல்லதோ கெட்டதோ, நீ வடிகட்டக் கூடாது.” மெற்றில்டா அதை ஒருநாளும் மீறியதில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிளேட்டஸ், தன் சட்டையில் பெயர் தைக்க அந்தக் கடைக்கு வந்தான். பிறகு தைக்க எதுவும் இல்லாதபோதும் வந்தான். போனில் எழுதிப் பேசினார்கள். கைமொழியையும் தப்பும் தவறுமாகக் கற்கத் தொடங்கினான். அவனை வளர்த்தவர் செலஸ்தீனா பெரியம்மா. அவர் சரி என்றால்தான் கல்யாணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்காவும் தங்கையும் அவர் வீட்டுக்குப் போனார்கள். பெரியம்மா வாசலுக்கே வந்து சிசிலியைக் கைபிடித்து அழைத்துப்போனார். பலகாரத் தட்டை அவள் மடியிலேயே வைத்தார். வாய் நிறைய வெற்றிலை. அவர் உதட்டைப் பார்த்துச் சிசிலியால் எதையும் புரிந்துகொள்ள முடியவில்லை. அவள் கன்னத்தைத் தடவியபடியே பெரியம்மா சொன்னார்:

“ஊமப் பிள்ளன்னாலும் என்ன லட்சணமா இருக்கா! குறைய யாரு பாக்கா? நம்ம வீட்டுல ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்.”

மெற்றில்டாவின் கை அந்தரத்தில் நின்றது. இதை அப்படியே சொன்னால் தங்கை எழுந்து போய்விடுவாள், கல்யாணமும் போய்விடும். கொடுத்த வாக்கு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனாலும், “நீ ரொம்ப அழகாம்” என்று மட்டும் கையால் சொன்னாள்.

சிசிலியின் முகம் மலர்ந்தது. குனிந்து பெரியம்மாவின் கையை முத்தமிட்டாள். மெற்றில்டாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் நின்ற கிளேட்டஸுக்கு முகம் சிவந்துவிட்டது. சிசிலிக்கு முதுகைக் காட்டி, பெரியம்மா பக்கம் திரும்பினான்.

“பெரியம்மா, அந்த வார்த்தயச் சொல்லாதீங்க. ஊமைன்னும் சொல்லக் கூடாது, ஊனம்னும் சொல்லக் கூடாது. இப்பல்லாம் மாற்றுத்திறனாளின்னுதான் சொல்லணும்.”

“எதுக்குல கோவப்படுத? ஆசையாத்தான சொன்னேன்.”

“ஆசையாச் சொன்னாலும் தப்பு தப்புதான்.”

குரல்கள் உயர்ந்தன. சிசிலி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அக்காவின் முழங்கையை இழுத்தாள்.

“என்ன பேசுகிறார்கள்?”

“ஒன்றுமில்லை.”

“அழகு என்று சொன்னதற்கா சண்டை?”

மெற்றில்டா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சிசிலி இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். தங்கையின் கைகள் அப்படி அடங்கிக் கிடந்ததை மெற்றில்டா அதுவரை கண்டதில்லை. அதற்குமேல் தாங்க முடியாமல், எல்லாவற்றையும் சொன்னாள். ஊமை என்றதை, மூலை என்றதை, கிளேட்டஸ் திருத்தியதை, தான் மறைத்ததை. சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது.

சிசிலி கடைசிவரை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் பெரியம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவள் கை சொல்லச் சொல்ல, அக்கா குரல் கொடுத்தாள்.

“பெரியம்மா, எனக்குக் காது கேக்காது. அவ்வளவுதான். ஊமைன்னா பேசாதவ. நான் பேசிக்கிட்டேதான் இருக்கேன். மூலையில இருக்கவும் எனக்கு வராது.”

பெரியம்மா எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

“அப்ப உன்ன நான் என்னன்னு சொல்லணும் மவளே?”

“அதத்தான நான்...” என்று தொடங்கிய கிளேட்டஸைச் சிசிலி கையமர்த்தினாள்.

“நீங்க சொன்ன அந்த மாற்றுத்திறனாளிங்கிற சொல்லு என் பஸ் பாஸ்ல இருக்கு. அது அங்க இருக்கட்டும். வெளியில யாராவது கேட்டா, காது கேக்காத பிள்ளன்னு சொல்லுங்க பெரியம்மா. வீட்டுக்குள்ள எனக்குப் பேரு இருக்கு.”

விரல் நுனியால் தன் கன்னக்குழியைத் தொட்டு ஒரு சுழற்று சுழற்றினாள். கைமொழியில் அதுதான் சிசிலி. பெரியம்மா தன் தடித்த விரலால் குழியே இல்லாத கன்னத்தை அழுத்தித் திருகினார். “இப்படியா?” சிசிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஆட்டோவில் திரும்பும்போது சிசிலி அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அந்த வீட்டில் கொஞ்ச நேரம் நான் ஊனமாக இருந்தேன். யாரால், தெரியுமா?”

பெரியம்மா ஆசையோடு ஆகாத சொல்லைச் சொன்னார். கிளேட்டஸ் நல்ல சொல்லைத்தான் சொன்னான். அவளுக்கு முதுகைக் காட்டிச் சொன்னான். மெற்றில்டா அவளை எந்தச் சொல்லாலும் சுட்டவில்லை. நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் சிசிலியை ஊனமாக்கியது யார்?

விடை: மெற்றில்டா தயங்காமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். சிசிலியும் ஆமென்று தலையசைத்தாள். பெரியம்மாவின் சொல் வலித்தது; ஆனால் அது வந்து சேர்ந்ததும் பதில் சொல்ல அவளால் முடிந்தது. கிளேட்டஸின் தோளைத் தொட்டு அவளே அவனைத் தன் பக்கம் திருப்பியிருக்கலாம். அக்கா மறைத்தபோதுதான், தன்னைப் பற்றிய பேச்சில் தனக்கே இடமில்லாமல், என்னவென்று அறியாமல் ஒரு கையை முத்தமிட்டாள். காது கேளாமை அவள் பிறவியோடு வந்தது. ஊனம் அன்று அக்காவின் பாசத்தால் வந்தது. “இனிமேல்?” என்று கேட்டாள் சிசிலி. மெற்றில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகளை உயர்த்தினாள். முன்னால் ஆட்டோக்காரர் போனில் தன் மைத்துனரை ஏசிக்கொண்டு வந்தார். அதை ஒரு சொல் விடாமல் தங்கைக்குச் சொல்லத் தொடங்கினாள்.