ஒன்பதாயிரம் வயசுக் கரிக்கட்டை

கருக்குவிளைக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். யோசிக்க மட்டும் விடக்கூடாது.

அந்த ஊர் சாலமோனுக்கும் உபதேசியார் மகள் ரெபேக்காளுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, சர்ச்சுக்குக் கிணறு வெட்டப் போன சாலமோன் ஒரு கரிக்கட்டையைத் தோண்டி எடுத்துத் தொலைத்தான். பழம்பொருள் ஆராய்ச்சிக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு அம்மா அதில் ஒரு துணுக்கைச் சோதனைக்கு அனுப்பி, "இது ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முந்தினது" என்று சொல்லிவிட்டார்.

உபதேசியாருக்கு வந்ததே கோபம்! "ஆண்டவர் உலகத்தைப் படைச்சே ஆறாயிரம் வருஷம்தான் ஆவுது. மூவாயிரத்தைக் கொறச்சிட்டு வாரும் மாப்ள. பொறவு கல்யாணத்தைப் பேசுவோம்."

ரெபேக்காள் இல்லாமல் சாலமோனுக்கு என்ன வாழ்க்கை? கூட்டாளிகள் தாசையாவையும் எசேக்கியாவையும் கூட்டி வைத்து அழாத குறையாகச் சொன்னான்.

"உலகமே இல்லாதப்ப இந்தக் கரி எதுமேல கெடந்துது?" என்றான் தாசையா.

"அத விடுல. ஒம்பதுல மூணு போனா ஆறு. மூணுல ஒரு பங்கை ஒடச்சிப் போட்டா சோலி முடிஞ்சிது" என்றான் எசேக்கியா.

ஆகா, இதல்லவா மூளை! சாலமோன் அளந்து உடைத்து, கூட்டாளிகளோடு இரண்டு துண்டையும் ஆராய்ச்சி அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"எத்தனை துண்டாக்கினாலும் ஒவ்வொண்ணுக்கும் ஒன்பதாயிரம்தான் தம்பி."

"இதுக்கு ஒம்பது, அதுக்கு ஒம்பது... பதினெட்டாயிரம் ஆயிப்போச்சேல!" சாலமோன் அழுதேவிட்டான்.

எசேக்கியா தாடையைத் தடவினான். "அப்போ ஒடச்சா வயசு கூடுது. ஒட்டுனா கொறயும்."

சோற்றைப் பிசைந்து பூசி இரண்டையும் ஒட்டினார்கள். போதாததற்கு டீக்கடை அடுப்புக் கரியையும் சுற்றிலும் அப்பினார்கள். கட்டை பலாப்பழம் மாதிரி பருத்துவிட்டது.

"இப்ப வயசு கொறயுமாம்மா?"

"புதுக் கரியைக் கலந்தா கொறச்சலாத்தான் காட்டும். ஆனா அது..."

ஆனாவைக் கேட்க யார் நின்றார்கள்? உபதேசியார் அதைத் தூக்கிப் பார்த்து, ஆறாயிரத்துக்கு மேல் ஒரு நாள்கூட இருக்காது என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ரெபேக்காள் கேக் வெட்டக் கத்தியை எடுத்ததுதான் தாமதம், சாலமோன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"வெட்டிராத! நேத்துச் சுட்ட கேக்கு. நூறு துண்டு போட்டா நூறு நாள் பழசாயிரும். சனம் பூரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்!"

மாப்பிள்ளையின் அறிவை நினைத்து உபதேசியாருக்குக் கண் கலங்கியது.

"அப்போ கடிக்கவும் கூடாதே" என்றான் தாசையா.

"மெல்லவும் கூடாது. முழுசாத்தான் முழுங்கணும். நம்ம ஊர்ல பெரிய வாய் யாருக்கு இருக்கு?" என்று கேட்டான் எசேக்கியா.

சபை முழுவதும் திரும்பி உபதேசியாரைப் பார்த்தது. அவர் எழுந்து, பல்செட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்து, சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வாயைத் திறந்தார்.