பப்பாளிக்குத் தண்ணீர்

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஒரு கிறிஸ்தவ ஆசிரமம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே கிணறு. அங்கே சில வழக்கங்கள் உண்டு. செய்த வேலையை யாரும் வெளியே சொல்லக் கூடாது. பாத்திரம் கழுவினாலும் சரி, காய்ச்சலில் கிடப்பவரின் துணியைத் துவைத்துப் போட்டாலும் சரி, சத்தமில்லாமல் செய்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

இன்னொரு வழக்கம், ஆசிரமத்தை நடத்துகிறவர் எந்த வயதுக்காரராக இருந்தாலும் மற்றவர்களுக்கு அவர் அண்ணன், அல்லது அக்கா.

அந்த வழக்கத்தின் புண்ணியத்தில் ஞானாபரணத்துக்கு அறுபத்தெட்டு வயதில் ஓர் அக்கா கிடைத்தார். பெயர் தயாமணி. வயது நாற்பத்திரண்டு. முன்பு நர்ஸாக இருந்தவர். ஆசிரமத்தை நடத்திவந்த பெரியவர் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். போவதற்கு முன்பு தயாமணியைக் கைகாட்டியிருந்தார். ஞானாபரணம் தயாமணியை "அக்கா" என்பார். தயாமணி அவரை "அண்ணே" என்பார். புதிதாக வருகிறவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் எல்லாமே மாறியது. மூன்று குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தன. பேசாமல் சாப்பிடுவது அதுவரை பழக்கம். இப்போது அந்த மௌனம் ரசம் வருகிற வரைக்கும் தாங்கினால் பெரிய விஷயம். ஜெபக் கூடத்துக்குள் கிட்டார் வந்தது.

மணியும் போனது. ஞானாபரணம் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெப நேரத்துக்கு மணியடிப்பது அவர் வேலை. ஒரு நிமிஷம் முந்தாது, பிந்தாது. புதிதாக வந்தவர்களில் ஸ்டான்லி என்பவன் எலக்ட்ரீஷியன். ஐயாவுக்கு முழங்கால் வலி, மணிக்கூண்டுப் படியேறக் கஷ்டப்படுகிறார் என்று பார்த்து, ஒரே மத்தியானத்தில் மின்சார மணியைப் பொருத்திவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். அதனாலேயே அவனைத் திட்டவும் முடியவில்லை.

அவருடைய ஒரே சிநேகிதர் பாக்கியநாதனும் ஈஸ்டர் முடிந்ததும் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்று குளியலறைப் பக்கம் ஒரு பப்பாளிக் கன்றை நட்டார்.

"கிறிஸ்துமஸுக்குப் பழம் சாப்பிடலாம். அப்ப என்னை நினைச்சுக்கோ, என்ன?"

கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. பூத்தது. ஆனால் ஐப்பசி மழை அந்த வருஷம் ஏமாற்றியது. கார்த்திகையில் இலைகள் மஞ்சளாகத் தொங்கின. பூக்கள் உதிர்ந்தன. ஞானாபரணம் விடியுமுன் எழுந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். மரம் இன்னும் மஞ்சளானது. அவர் இரண்டு வாளியாக்கினார்.

டிசம்பர் நடுவில் அவர் தயாமணியிடம் போனார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"இந்த வீட்ல இன்னும் அன்பு இருக்கா?"

தயாமணி தைத்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே வைத்தார்.

"என்ன ஆச்சு?"

"பாக்கியநாதன் வச்ச மரம் எல்லார் கண்ணு முன்னாலயும் சாகுது. இத்தனை பேர் அந்தப் பக்கம் குளிக்கப் போறாங்க. ஒருத்தராவது ஒரு சொம்புத் தண்ணி ஊத்துறாங்களா? பழைய ஆளுங்க இருந்தப்ப இப்படியா இருந்துச்சு?"

தயாமணி ஊசியைப் போர்வையில் குத்தி வைத்தார்.

"நான் பெட்டியைக் கட்டிட்டேன். வருஷக் கடைசியில எழுந்து நின்னு சொல்ல எனக்கு வாய் வராது. என் தங்கச்சி மகன் வீட்டுக்குப் போறேன்."

வருஷக் கடைசி நாளின் சாயங்காலம் எல்லோரும் ஜெபக் கூடத்தில் கூடுவார்கள். ஒவ்வொருவராக எழுந்து, "இன்னும் ஒரு வருஷம்" என்பார்கள். சொன்னவர்கள் இருப்பார்கள். சொல்லாதவர்களுக்கு மறுநாள் காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிடுவார்கள். அதில் மனஸ்தாபம் ஏதும் கிடையாது. ஆனால் ஞானாபரணம் ஒரு தடவையும் சொல்லாமல் இருந்ததில்லை.

"சரிண்ணே," என்றார் தயாமணி. "நாளைக்கு ஒரு நாள் நீங்க மரத்துப் பக்கம் போகாதீங்க. என்கூட உக்காந்து உள்ளி உரிங்க."

மறுநாள் விடிந்ததும் இருவரும் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு கூடை சின்ன வெங்காயம். ஜன்னலுக்கு வெளியே பப்பாளி மரம் தெரிந்தது.

முதலில் ஸ்டான்லி வந்தான். தோளில் துண்டு, கையில் வாளி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். வாளியை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலக் குளிக்கப் போனான்.

ஞானாபரணத்தின் கை நின்றது.

"உரிங்கண்ணே," என்றார் தயாமணி.

அடுத்து ஸ்டான்லியின் மனைவி வந்தாள். அரிசி களைந்த தண்ணீரை வேரில் ஊற்றினாள். பிறகு, இடுப்பில் கைக்குழந்தையோடு புதிதாக வந்த இன்னொருத்தி. குழந்தையைக் குளிப்பாட்டிய கையோடு ஒரு குடம். பிறகு பழைய ஆட்களில் ஒருவரான சமையல்கார ரூபியக்கா. முந்தானைக்குள் சொம்பை மறைத்துக்கொண்டு வந்து ஊற்றினார். பிறகு கிட்டார்க்காரன். அவன் ஊற்றியதோடு நிற்கவில்லை, மரத்தடியில் கண்ணை மூடி ஜெபமும் செய்துவிட்டுப் போனான்.

ஒவ்வொருவரும் ஊற்றுவதற்கு முன்பு சுற்றிலும் பார்த்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் மரத்தைச் சுற்றிக் குளம் கட்டியிருந்தது.

"அட, பாவிங்களா!" ஞானாபரணம் எழுந்தார். "பப்பாளிக்கு இவ்வளவு தண்ணி ஆகுமா? வேர் அழுகிப் போகாதா?"

"நீங்க எத்தனை வாளிண்ணே?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு."

"நான் ஒண்ணு," என்றார் தயாமணி. "எல்லாரும் தூங்கின பிறகு. முந்தாநாள் என் செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. நான் ஊத்தின ஒரு வாளிக்கு எப்படி இவ்வளவு சேறுன்னு யோசிச்சேன். அப்புறம் இந்த ஜன்னல்கிட்ட வந்து உக்காந்தேன்."

"ஒருத்தருக்கொருத்தர் சொல்லியிருந்தா..."

"செஞ்சதைச் சொல்லக் கூடாதுன்னு இருக்குல்லா?"

ஞானாபரணத்துக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட வசதியாக இருந்தது.

"பாக்கியநாதனை இவங்கள்ல பாதிப் பேர் ஒரு மாசம்கூடப் பார்த்ததில்லையே. அவன் மரத்துக்கு ஏன் ஊத்துறாங்க?"

"அது உங்க மரம்னுதான் ஊத்துறாங்க. தினமும் அதுகிட்ட நின்னு பெருமூச்சு விடுறீங்கல்ல."

ஞானாபரணம் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். மனது குளிர்ந்துதான் இருந்தது. கூடை காலியாகிற நேரத்தில் மறுபடியும் முகம் சுருங்கியது.

"அப்ப பரிதாபப்பட்டு ஊத்துறாங்க."

"பிரியப்பட்டு ஊத்துறாங்க."

"ஏதோ ஒண்ணு. பிரியம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா எல்லாரும் எனக்குச் செய்யிறாங்க, எனக்குச் செய்ய ஒண்ணும் இல்ல. உக்கார வச்சுச் சோறு போடணும்னா தங்கச்சி மகன் போடுவான் அக்கா."

தயாமணி தோலை வாரிக் குப்பைக்குக் கொண்டுபோனார்.

கிறிஸ்துமஸ் நல்லபடியாக முடிந்தது. புதிதாக வந்த பிள்ளைகள் காகித நட்சத்திரங்களைக் கூடம் முழுக்கக் கட்டினார்கள். ரூபியக்காவின் முறுக்கு இரண்டே நாளில் தீர்ந்தது. கிட்டாரோடு பாடும்போது ஞானாபரணம் தன்னையறியாமல் தாளம் போட்டார், பிறகு சுதாரித்துக்கொண்டு கையை மடக்கினார். பப்பாளி மரம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காற்றுகூட இல்லாமல் சாய்ந்தது.

எல்லோரும் ஞானாபரணத்தின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

வருஷக் கடைசி நாள் சாயங்காலம் ஜெபக் கூடத்தில் பாய் விரித்தார்கள். ஸ்டான்லி எழுந்து, "இன்னும் ஒரு வருஷம்" என்றான். அவன் மனைவியும் சொன்னாள். ரூபியக்கா சொன்னார். கிட்டார்க்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். தயாமணியும் எழுந்து எல்லோரையும் போலவே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஞானாபரணம் கடைசியாக எழுந்தார்.

"எனக்கு இங்க குறை ஒண்ணும் இல்ல," என்றார். "எல்லாரும் நல்லவங்க. ஆனா ஒரு கேள்வி இருக்கு அக்கா. மணி தானா அடிக்குது. பாட்டுக்கு ஆள் இருக்கு. சமைக்க ஆள் இருக்கு. நான் இங்க எதுக்கு?"

பிள்ளைகள்கூட அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தயாமணி எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பை. அதில் ஒரு சாண் உயரத்தில் புதிய பப்பாளிக் கன்று. அதை அவர் முன்னால் பாயில் வைத்தார்.

"இதுவும் சாகும்," என்றார் ஞானாபரணம்.

"ஏன்?"

"இவங்க ஊத்துவாங்களே! வேண்டாம்னாலும் ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊத்துவாங்க!"

ஸ்டான்லி தன் மனைவியைப் பார்த்தான். அவள் ரூபியக்காவைப் பார்த்தாள். ரூபியக்கா கிட்டார்க்காரனைப் பார்த்தார். "நீயுமா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை.

"ஊத்துறதுக்கு இங்க நிறைய ஆள் இருக்காங்க அண்ணே," என்றார் தயாமணி. "போதும், நிறுத்துன்னு சொல்லத்தான் ஒருத்தரும் இல்ல. எனக்கே அது வராது. நீங்க கார்டா இருந்தப்ப வண்டியில வீசின சிவப்புக் கொடி இன்னும் இருக்கா?"

"இருக்கு. பெட்டிக்கு அடியில கிடக்கு. எடுக்கணும்னா கட்டினதை எல்லாம் பிரிச்சு வெளிய வைக்கணும்."

"வைங்க," என்றார் தயாமணி.