புற்றைப் பார்த்து எறிந்த மந்தி

மழைக்காலத்துக்கு இன்னும் நான்கே நாள் மிச்சமிருந்த ஒரு காட்டில், குழந்தைகளே, வட்டெறியும் போட்டி நடந்துகொண்டிருந்தது.

வட்டு என்றால் காய்ந்த மரக்காளான். தோசை அகலம், ஓரம் மெலிசு. ஒழுங்காக எறிந்தால் பருந்துபோல மிதக்கும். எறிய வேண்டிய இடம், புல்வெளிக்கு அந்தப் பக்கம் நின்ற இலுப்பை மரத்தின் பொந்து. ஆளுக்கு மூன்று எறி. யாருடைய வட்டு பொந்துக்குள் விழுகிறதோ, இந்த மழைக்கு அந்தப் பொந்து அவர்களுக்கு. யாருமே போடாவிட்டால், போன வருடம் அதில் குடியிருந்த கரடி சடையனுக்கே.

சடையன் மூன்று வட்டையும் மரத்துக்கு மேலே பறக்கவிட்டான். "என் கை சரியாகத்தான் இருக்கிறது. காற்றுதான் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே போய், இலுப்பைக்கு வலப்பக்கம் இருந்த கறையான் புற்றில் மூக்கை நுழைத்துக்கொண்டான். அவனுக்கென்ன கவலை. முயல் எறிந்த வட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முயலின் காலடிக்கே வந்து சேர்ந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. மந்தி ஊஞ்சலி.

ஊஞ்சலிக்கு அந்தப் பொந்து கட்டாயம் வேண்டும். சித்திரையில் பெய்த ஒரே ஒரு மழைக்கே அவளுடைய குட்டி பொட்டுவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூன்று நாள் அவன் மூச்சையே கேட்டுக்கொண்டு கிளைக் கவட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவனை வயிற்றைவிட்டு இறக்கியதே இல்லை. தூங்கும்போதும் ஒரு கை அவன்மேல். பழம் தின்னும்போதும் ஒரு கை அவன்மேல். வட்டெறியும்போதும் அப்படியே.

அதனால் அவளுடைய எறி ஒரு தினுசாக இருக்கும். இடக்கை குட்டியை இறுக்கிக்கொள்ளும். இடுப்பு திரும்பவே திரும்பாது. வலக்கை மட்டும் குட்டியின் தலையைச் சுற்றி வளைந்து வரும். வட்டின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அது ஆடி ஆடி மேலே ஏறி, உச்சியில் எதையோ மறந்ததுபோல ஒரு நொடி நின்று, பிறகு இடப்பக்கம் சரிந்து விழும்.

ஆனால் ஊஞ்சலி கெட்டிக்காரி. வட்டு இடப்பக்கம்தானே சரிகிறது, வலப்பக்கம் பார்த்து எறிந்தால் போயிற்று என்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பொந்தைப் பார்க்கவே மாட்டாள். புற்றைப் பார்த்து எறிவாள். வட்டு இலுப்பைப் பக்கம் வந்து சேரும்.

"எறியலாம்மா," என்றாள் நடுவராக நின்ற யானைப் பெரியம்மா.

ஊஞ்சலி புற்றைப் பார்த்தாள். எறிந்தாள். வட்டு ஏறியது, நின்றது, சரிந்தது, இலுப்பையின் வேரில் பொத்தென்று விழுந்து படுத்துக்கொண்டது. பொந்து இன்னும் இரண்டு கரடி உயரத்தில் இருந்தது.

"அது அவ்வளவுதான் போகும்," என்றாள் முள்ளம்பன்றி முள்ளி. முள்ளிக்கு முதுகில் இருப்பதைவிட நாக்கில்தான் முள் அதிகம். "குட்டியை இறக்கி வைத்துவிட்டு எறிடி. உடம்பு முழுசும் திரும்பினால்தானே வட்டு போகும்? நீ தோளால் தள்ளிவிடுகிறாய்."

"இறக்கி எங்கே வைக்க, முள்ளியக்கா?"

"என்னிடம் கொடு."

ஊஞ்சலி முள்ளியின் முதுகைப் பார்த்தாள்.

"முன்பக்கமாகத்தான்டி வைத்துக்கொள்வேன்," என்றாள் முள்ளி ரோஷத்தோடு.

"வேண்டாம் அக்கா. கோபித்துக்கொள்ளாதீர்கள்."

"என் முதுகு காலியாகத்தான் இருக்கிறது," என்றார் ஆமை ஓட்டப்பன். "நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் ஓடிவிட மாட்டேன். காட்டுக்கே தெரியும்."

ஊஞ்சலி அண்ணாந்து பார்த்தாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. பொட்டுவின் பிடியை ஒவ்வொரு விரலாக விடுவித்து, அவனை ஆமை ஓட்டின்மேல் உட்காரவைத்தாள். பொட்டு அழவே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

"காலை ஊன்று," என்றாள் முள்ளி. "முதலில் இடுப்பு, அப்புறம் தோள், கடைசியில் கை. வட்டு நெஞ்சை ஒட்டி நேராக வரட்டும். மூக்கைத் தூக்கிவிடாதே."

ஊஞ்சலி திரும்பினாள் பாருங்கள், வால்கூடச் சேர்ந்து சுழன்றது. வட்டு கையைவிட்டுப் போன சத்தமே வேறு. விர்ர்ர். ஆடவில்லை, ஏறவில்லை, சரியவில்லை. புல்வெளிக்கு மேலே கோடு கிழித்ததுபோல நேராகப் போனது. அவள் பார்த்த இடத்துக்கே போனது.

அவள் பார்த்தது புற்றை. புற்றுக்குள் தலையை விட்டிருந்தான் சடையன். வெளியே இருந்தது அவனுடைய பின்பக்கம் மட்டும்.

அங்கேதான் பட்டது.

"யாரது?" என்று புற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. சடையன் தலையை வெளியே எடுத்தபோது மூக்கெல்லாம் கறையான். முயல் சிரித்துச் சிரித்துப் புல்லில் உருண்டது. நடுவர் சிரிக்கக் கூடாதல்லவா, யானைப் பெரியம்மா தும்பிக்கையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். ஆனாலும் வயிறு குலுங்கியது.

ஊஞ்சலிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரே எறி.

"பார்த்தீர்களா அக்கா. பழைய எறி மரத்தடிக்காவது போனது. இது வம்பை இழுத்துக்கொண்டு வருகிறது. ஓட்டப்பன் மாமா, என் பிள்ளையைக் கொடுங்கள். பழையபடியே எறிந்துகொள்கிறேன்."

"பழையபடி எறிந்தால் வேர்தான். வேரிலா குடியிருக்கப் போகிறாய்?" என்றாள் முள்ளி.

"புதுசாக எறிந்தால் கரடி."

"கரடியை அடித்தது யார்?"

"வட்டு."

"வட்டுக்குக் கண் இருக்கிறதா?"

ஊஞ்சலி தான் எறிந்த திசையைத் திரும்பிப் பார்த்தாள். எங்கே பார்த்தேன்? புற்றை. எதற்குப் புற்றை? வட்டு சரியுமே, அதற்கு. சரிந்ததா? இல்லையே.

"அட," என்றாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. "வட்டு நேராகப் போகக் கற்றுக்கொண்டுவிட்டது அக்கா. நான்தான் இன்னும் கோணலாகப் பார்க்கிறேன். சடையண்ணா, நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள். இனி அந்தப் பக்கம் வராது."

"நீ சொல்லிவிட்டாய், வட்டு கேட்க வேண்டுமே," என்று சடையன் புற்றுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஊஞ்சலி பொந்தைப் பார்த்தாள். இத்தனை நாளில் இப்போதுதான் அதை நேருக்கு நேர் பார்க்கிறாள். கால் தானாகப் புற்றுப் பக்கம் திரும்பியது. இழுத்து வைத்தாள். மறுபடியும் திரும்பியது.

"காலைக் கட்டிப்போடவா?" என்றாள் முள்ளி.

"வேண்டாம் அக்கா, சொன்னால் கேட்டுக்கொள்ளும்."

இடுப்பு. தோள். கை.

விர்ர்ர்.

பொந்துக்குள்ளிருந்து டொக்கென்று ஒரு சத்தம் வந்தது.

"பொந்து ஊஞ்சலிக்கு," என்றாள் யானைப் பெரியம்மா.

"காற்று இப்போதுதான் சரியானது," என்றான் சடையன்.

அப்போதே முதல் துளி விழுந்தது, நான்கு நாள் முன்னதாகவே. ஊஞ்சலி ஓடிப்போய்ப் பொட்டுவைத் தூக்கினாள். பொட்டு வரவில்லை. ஆமையின் ஓட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, சவாரி இன்னும் முடியவில்லை என்பதுபோல அவளைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் ஒரு தேக்கிலையைப் பறித்து அவன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள்.

"மாமா, கொஞ்சம் சீக்கிரம்."

"ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன்," என்றார் ஓட்டப்பன்.

மழை வலுத்துக் கொட்டியபோது, பொட்டு பொந்துக்குள் காய்ந்த சருகின்மேல் உட்கார்ந்து வட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு தும்மல்கூட இல்லை.

நீதி: பிழையைத் திருத்திக்கொண்டவர், அந்தப் பிழைக்கென்று பழகிவைத்த சமாளிப்பையும் விட்டுவிட வேண்டும்.