கேசட்டின் கடைசியில்

ஆற்றங்கரைச் சாமியிடம் போகிறவர்கள் காலில் விழ வேண்டியதில்லை. பழத்தட்டும் வேண்டியதில்லை. யார் போனாலும் அவர் விசாரிப்பது ஒன்றுதான்.

"என்னவே, இப்போ என்ன கேட்டுக்கிட்டிருக்கீரு?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பைத்தியங்கள் நாலைந்து பேர் அவர் குடிசைக்கு முன்னால் கூடுவார்கள். அந்த வாரம் எந்தப் பாட்டு மனசைப் பிடித்துக்கொண்டதோ அதை ஒவ்வொருவரும் செல்போனில் போட வேண்டும். முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார். அநேகமாக அதுவும் இருக்காது.

மாசானம் மட்டும் எதையும் போட்டதில்லை. சாமிக்குப் பழைய சீடர் அவர்தான். குடிசைக்கு ஓலை மாற்றுவது, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது எல்லாம் அவர் வேலை. ஆனாலும் அவர் முறை வரும்போது, "ஒண்ணும் கேட்கலை சாமி" என்று தலையைக் குனிந்துகொள்வார்.

"அண்ணாச்சி போன வாரம் கேட்ட ஒண்ணுமில்லாததையேதான் இந்த வாரமும் கேட்டிருக்காரு. அதுல ஏதோ விசேஷம் இருக்கு" என்பார் கண்டக்டர் ஞானதுரை. எல்லோரும் சிரிப்பார்கள். மாசானம் சிரிக்க மாட்டார்.

அவர் சொன்னது பொய். பத்தொன்பது வருஷமாக அவர் தினமும் ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அக்கரைத் தெருவிலிருந்து செண்பகவடிவு அவர் வீட்டுக்கு வந்தாள். ஒருகாலத்துச் சிநேகிதன் இசக்கியப்பனின் மகள். அப்பாவை ஆஸ்பத்திரியில் இனி வைத்துப் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை, பெரியப்பா ஒருதரம் வந்து முகத்தைக் காட்டினால் நிம்மதியாகப் போய்விடுவார் என்று சொல்லி அழுதாள். மாசானம் அவளை உட்காரச் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் துண்டில் சுற்றிய பழைய டேப் ரிக்கார்டரோடு குடிசைக்குப் போனார்.

"இன்னைக்கு நான் போடுறேன் சாமி."

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

நாதஸ்வரம். ரேடியோவில் வந்த கச்சேரி. எடுத்த எடுப்பிலேயே ஆளை உட்காரவைக்கிற வாசிப்பு. கொஞ்ச நேரத்தில் ஞானதுரையின் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. தவில்காரர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியபோது, பேசக் கூடாது என்பதையும் மறந்து ஒருவர் "ஆகா" என்றார். அந்த ஆகா காதில் விழுந்ததும் மாசானத்தின் தாடை இறுகியது.

வாசிப்பின் நடுவிலேயே நாதஸ்வரம் வெட்டுப்பட்டு நின்றது. பிறகு ஒரு பெண் குரல். கூடவே பீடி இலை வெட்டுகிற கத்தரியின் சத்தம். தனக்குத்தானே பாடுகிற மாதிரி இரண்டே வரி. அதற்குள் வெட்கம் வந்து சிரித்து, "போதும், அணைங்க" என்றாள். கேசட் முடிந்து பொத்தான் டக்கென்று மேலே வந்தது.

"எப்பேர்ப்பட்ட கச்சேரி! இதையா அண்ணாச்சி இத்தனை நாள் மறைச்சு வச்சிருந்தீங்க?" என்றார் ஞானதுரை.

அப்போதுதான் மாசானம் சொன்னார். கேசட்டின் அந்தப் பக்கம் முழுவதும் முன்பு அவர் மனைவி பேச்சியம்மாள் பீடி சுற்றிக்கொண்டே பாடியது இருந்தது. அவள் குரல் இருந்தது அந்த ஒரு கேசட்டில்தான். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, மதினி பாட்டை ஒருதரம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று இசக்கி வாங்கிக்கொண்டு போனான். கூடவே பிறந்தவன் மாதிரி இருந்தவன். நம்பித்தான் கொடுத்தார். அன்று சாயங்காலம் ரேடியோவில் இந்தக் கச்சேரி வந்தது. வீட்டில் வேறு காலிக் கேசட் இல்லை. விட்டால் இனிக் கிடைக்காது என்ற பறப்பில், காலியாகக் கிடந்த மறுபக்கம் என்று நினைத்து இதை மாட்டிப் பதிவு செய்துவிட்டான். கச்சேரியை ரேடியோக்காரர்கள் பாதியில் நிறுத்தியதால் கடைசி இரண்டு வரி தப்பியது.

தெரியாமல் செய்ததுதானே என்று ஊர் சொன்னது. ஊருக்கென்ன, அதன் வீட்டுக் கேசட்டா அழிந்தது? இசக்கி வாசலில் வந்து நின்றான், நாள் கணக்கில் நின்றான். மாசானம் கதவைத் திறக்கவில்லை. செண்பகவடிவு கல்யாணத்துக்கும் போகவில்லை. எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டார்.

"இப்போ சாகக் கிடக்கானாம். என்னைப் பார்க்கணுமாம். போகணுமா சாமி? நீங்களே சொல்லுங்க."

சாமி பதில் சொல்லும் முன்னால் செண்பகவடிவே ஆற்றைக் கடந்து ஓடிவந்தாள். பாதிச் சேலை நனைந்திருந்தது.

"பெரியப்பா, மூச்சு இழுக்கு. கண்ணு வாசலையே பார்க்கு. இப்பவே வாங்க."

மாசானம் சாமியைப் பார்த்தார்.

"பேச்சியம்மா பாடினதை மட்டும் ஒருதரம் போடும்வே. கேட்டுட்டுக் கிளம்பும்" என்றார் சாமி.

மாசானம் பொத்தானை அழுத்தினார். கேசட் பின்னால் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. முழுக்க ஓடி, முட்டி நின்றது. அவர் போட்டார்.

நாதஸ்வரம் ஆரம்பித்தது.

சாமி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். செண்பகவடிவு, "பெரியப்பா" என்றாள்.

"இரும்மா. இப்போ வந்துரும்."

இந்தத் தடவை யாரும் தாளம் போடவில்லை. மாசானம் டேப் ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் தவில் ஏறும், எந்த இடத்தில் வாசிப்பவர் மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு இடத்திலும் அவர் முகம் ஒருமுறை கசந்தது. செண்பகவடிவு பூவரசமரத்தைப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக நின்றாள். இரண்டாவது தடவை கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

தவில் ஓய்ந்த ஒரு நொடியில் அக்கரையிலிருந்து பெண்கள் அழுகிற சத்தம் வந்தது.

அவள் யாரையும் பார்க்காமல் ஆற்றில் இறங்கி ஓடினாள். ஞானதுரையும் மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

மாசானத்தின் கை பொத்தான் வரை போனது. அழுத்தவில்லை. கச்சேரி தன்பாட்டுக்கு ஓடியது. வழக்கமான இடத்தில் வெட்டுப்பட்டு நின்றது. கத்தரிச் சத்தம் வந்தது. பேச்சியம்மாள் இரண்டு வரி பாடினாள். சிரித்தாள்.

"போதும், அணைங்க."

பொத்தான் மேலே வந்தது. அக்கரை அழுகை இப்போது தெளிவாகக் கேட்டது.

"போகத்தான் சாமி இருந்தேன்" என்றார் மாசானம். "அவ குரலைக் கேட்டுட்டுக் கிளம்பிருப்பேன். அதுக்குள்ள போயிட்டான்."

சாமி துண்டை எடுத்து டேப் ரிக்கார்டரைச் சுற்றி அவர் மடியில் வைத்தார்.

"அவ கடைசியிலதானவே வாரா. நீரு ஏன் முதல்ல இருந்து போட்டீரு?"